வீட்டில் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட: முதலில் ஒரு சாம்பல் பட்டை

வண்ணப் படத்தில் நிறம் கொஞ்சம் பிசகினால் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். கறுப்பு வெள்ளையில் துளி பச்சை கலந்தாலும் உடனே உறுத்தும். சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் சாம்பல் மை கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளையும் கலந்துதான் சாம்பலை உண்டாக்குகிறது. புதிதாக வாங்குவதென்றால் சாம்பல் மை தனியாக இருக்கிற கேனன் ஜி570 மாதிரி ஒன்றைப் பாருங்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பதிலும் தாராளமாகத் தொடங்கலாம்.

முதலில் நாசில் செக் (மை வரும் நுண்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) அச்சிட்டு, கோடுகள் விடுபடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலத்தின் பங்கைக் கூட்டிக் குறைக்கும் மோனோ மிக்ஸரால் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்பைக் கூட்டிப் பச்சையையும் நீலத்தையும் குறைத்தால் முகம் வெளுக்கும், நீல வானம் கறுக்கும். 4x6 அங்குலத் தாளுக்கு 1200x1800 பிக்சல் போதும்.

இப்போது படத்தை அச்சிடாதீர்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 5 சதவீதம் கூடிக்கொண்டே போகும் 21 கட்டங்களை ஒரு பட்டையாக வரைந்து, படத்துக்கு வைத்திருக்கும் அதே தாளில் அச்சிடுங்கள். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். படத்தின் நிறத்தைத் தாளுக்கேற்ப மாற்றும் நிற மேலாண்மையை கிம்ப்போ டிரைவரோ ஒன்றுதான் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சாம்பல் கெட்டுவிடும்.

இந்தப் பட்டையை நான் அச்சிடத் தொடங்கியதே பாட்டியின் படத்தால்தான். திரையில் இழை இழையாகத் தெரிந்த கொண்டை, தாளில் ஒரே கறுப்புத் திட்டாக வந்தது. பிறகு பட்டையைப் போட்டுப் பார்த்தால், என் மேட் (பளபளப்பில்லாத) தாளில் 90, 95, 100 மூன்று கட்டங்களும் ஒன்றாகவே தெரிந்தன. கிம்ப்பில் வெளிச்சத்தையும் இருளையும் தனித்தனியே மாற்றும் கர்வ்ஸ் கருவியில் இருண்ட பகுதியை மட்டும் சற்றே தூக்கி வெளிச்சமாக்கினேன். முடி பிரிந்து வந்தது. உங்கள் பட்டையில் எந்தக் கட்டங்கள் ஒட்டிக்கொள்கின்றனவோ, அதற்கேற்பத் தூக்குங்கள். படம் முழுதுமே இருண்டு வந்தால், பெரும்பாலும் திரை வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். அதைக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நிறச் சாயல் தெரிந்தால் டிரைவரில் கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை அச்சு) தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சில பிரிண்டர்கள் அப்போது கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தும். சாயல் போகும், வெளிர் பகுதிகளில் புள்ளிகள் தெரியும். முகங்களுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை.

அச்சை ஓர் இரவு உலரவிட்டு, காலையில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மாட்டப்போகும் அறையின் விளக்கிலும் பாருங்கள், சாம்பலின் சாயல் அங்கே மாறித் தெரியலாம். பின்பக்கத்தில் தாள் வகையையும் டிரைவர் அமைப்பையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.