முதல் கேமரா வாங்கும் முன்: பெட்டி மேல் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

எங்கள் ஊர்த் திருவிழாவில் இரவு சாமி புறப்பாட்டைப் படம் எடுக்க ஆசைப்பட்டுத்தான் முதல் கேமரா வாங்கினேன். 16 மெகாபிக்சல், 30 மடங்கு ஜூம் என்று கேட்டதும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். கணினியில் போட்டுப் பார்த்தால் சாமி முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய எண்கள் வேறு. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: போனில் தொடங்குங்கள்

கடந்த ஆறு மாதப் படங்களில் மனதுக்குப் பிடிக்காத 20 படங்களைத் தனியே எடுங்கள். ஏன் பிடிக்கவில்லை? இருட்டா, தூரமா, ஆள் அசைந்துவிட்டாரா? எந்தக் குறை அடிக்கடி வருகிறதோ, அதைத் தீர்க்கும் கேமராவைத் தேடுங்கள். எல்லாமே பகலில் எடுத்த படங்கள், எல்லாமே நன்றாக இருக்கின்றன என்றால் போனே போதும்.

படி 2: சென்சார் அளவு

ஒளி வந்து விழும் சில்லுதான் சென்சார். இருட்டில் கிடைக்கும் கொஞ்ச ஒளியைக் கேமரா ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறன் எண்ணைக் கூட்டிப் பெருக்கும்போதுதான் அந்தப் புள்ளிகள் தெரியும். சென்சார் பெரிதானால் ஒளி அதிகம் சேரும், புள்ளி குறையும்.

என் முதல் கேமராவில் இருந்தது '1/2.3 அங்குல' சென்சார். உண்மையில் அது சுமார் 6.2 × 4.6 மி.மீ., ஒரு துவரம்பருப்பு அளவு. '1 அங்குலம்' என்று விற்பதும் 13.2 × 8.8 மி.மீ.தான். அதனால் பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டர் கணக்கைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி என்ற சென்சார் வகை சுமார் 23.5 × 15.6, பரப்பில் அந்தப் பருப்பைப் போல 13 மடங்கு. ஃபுல் ஃபிரேம் 36 × 24, பழைய பிலிம் ரோலின் ஒரு கட்டம். தொடங்குபவருக்கு ஏபிஎஸ்-சி தாராளம் என்பது என் கருத்து.

படி 3: மெகாபிக்சல்

ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். இன்று வரும் ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் அதற்கு மேல் இருக்கிறது. அடுத்ததற்குப் போவோம்.

படி 4: லென்ஸ்

பாதிப் பணத்தை இதற்கு ஒதுக்கலாம். லென்ஸ் மேல் உள்ள எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம், ஒளி அதிகம். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் (இந்த மி.மீ. எண்தான் குவியத் தூரம்; அது கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) 55-இல் பெரும்பாலும் எஃப் 5.6. தனியாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் 1/20 விநாடி தேவைப்படும் இடத்தில் பின்னதில் 1/200 விநாடி போதும். தவில் அடிப்பவரின் கை குழம்புவது வெகுவாகக் குறையும். கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி நல்லதுதான், ஆனால் எதிரே ஆடுபவரை அது நிறுத்தாது.

அப்புறம் ஜூம். '30 மடங்கு' என்பது லென்ஸின் பெரிய குவியத் தூரத்தைச் சிறியதால் வகுத்த விடை, அவ்வளவே. பறவைகளுக்கான 150-600 லென்ஸ் 4 மடங்குதான்! டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 5: மவுன்ட்

மவுன்ட் என்பது பாடியில், அதாவது கேமரா உடலில், லென்ஸை மாட்டும் வாய். பாடியை மாற்றுவோம், லென்ஸ் நம்மோடு இருக்கும். கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட், சோனி இ என்று ஒவ்வொன்றின் மவுன்டும் வேறு. அதனால் பாடி விலையோடு, அடுத்து வாங்க நினைக்கும் லென்ஸின் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் திரை எப்போதும் ஓடுவதால் பேட்டரி சீக்கிரம் தீரும். இன்னொரு பேட்டரியின் விலையும் கணக்கில் வரட்டும். நான் இரண்டாவதாக வாங்கியது பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள வகை) ஒன்றும் அந்த 50 மி.மீ. லென்ஸும். அடுத்த திருவிழாவில் தீவட்டி வெளிச்சத்திலேயே சாமி முகம் தெளிவாக விழுந்தது.

படி 6: கடையில்

சொந்த மெமரி கார்டை எடுத்துப் போங்கள். அனுமதி கேட்டு, கடையின் இருட்டு மூலையை ஐஎஸ்ஓ 1600, 3200, 6400 என்று மூன்று முறை எடுத்து, வீட்டுக் கணினியில் முழு அளவில் பாருங்கள். லென்ஸோடு ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அது உங்களுக்கானது இல்லை. பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கலாம். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.