மொபைல் ஹோம் பார்க்கில் வரும் கரண்ட், கேஸ், தண்ணீர் பில் சரிதானா? கலிபோர்னியாவில் சரிபார்க்கும் முறை

மொபைல் ஹோம் பார்க் என்பது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடுகளின் குடியிருப்பு. அங்கே வீடு உங்களுடையது, அது நிற்கும் இடம் பார்க்குடையது. கலிபோர்னியாவின் பழைய பார்க்குகள் பலவற்றில் கரண்ட் கம்பெனியின் பொறுப்பு ஒரே ஒரு மெயின் மீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு உள்ளே ஓடும் கம்பி, குழாய், உங்கள் வீட்டோரம் இருக்கும் சப் மீட்டர் எல்லாம் பார்க் நிர்வாகத்தின் சொத்து. பில் போடுவதும் அவர்களேதான். 1997 தொடக்கம் முதல் கட்டப்படும் புதிய பார்க்குகளில் கரண்டுக்கும் கேஸுக்கும் இந்த ஏற்பாடு கூடாது. கம்பெனியே வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க வேண்டும். கீழே உள்ளவை பழைய பார்க்கில், சொந்த வீட்டை வைத்துக்கொண்டு இடத்துக்கு மட்டும் வாடகை கட்டுபவர்களுக்கு. வீடும் பார்க்குடையது என்றால் இந்தப் பாதுகாப்புகளில் பல உங்களுக்குப் பொருந்தாது.

1. பில்லில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சிவில் சட்டம் 798.40ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு பில்லிலும் கட்டணம் தனித்தனியாகவும், உங்கள் மீட்டரின் தொடக்க ரீடிங், முடிவு ரீடிங் இரண்டும் இருக்க வேண்டும். பில் தயாரிப்பது வேறொரு நிறுவனம் என்றால் அதன் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்க வேண்டும். நடப்புக் கட்டண அட்டவணையை, அல்லது அது இருக்கும் இணையதள முகவரியை, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நிர்வாகம் ஒட்டிவைக்க வேண்டும். வெறும் ‘கரண்ட் 94 டாலர்’ என்று ஒற்றை வரியில் வந்தால், தொகை சரியோ தவறோ, அந்தப் பில்லே குறையுள்ளது.

2. ரீடிங்கை நீங்களே எடுங்கள்

மாதம் ஒருமுறை, நிர்வாகம் ரீடிங் எடுக்கும் அதே நாளில், மீட்டர் எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். எண்கள் ஓடும் மீட்டரில் சிக்கல் இல்லை. முள் சுற்றும் பழைய மீட்டரில்தான் பலர் தவறுவார்கள். அடுத்தடுத்த வட்டங்களில் முள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். முள் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் சிறிய எண்ணை எழுதுங்கள். 9க்கும் 0க்கும் நடுவே என்றால் 9. எண்ணின் மேலேயே நிற்பது போல் இருந்தால் வலப்பக்க வட்டத்தைப் பாருங்கள்: அது 0-ஐத் தாண்டியிருந்தால் அதே எண், தாண்டாவிட்டால் ஒன்று குறைவு.

இந்த மாத முடிவு ரீடிங்தான் அடுத்த மாதத் தொடக்க ரீடிங். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் இடையில் உள்ள யூனிட்டுகளுக்கு இரண்டு முறை கட்டுகிறீர்கள், அல்லது ரீடிங் எடுக்காமலே உத்தேசமாகப் போட்டிருக்கிறார்கள்.

3. கரண்ட், கேஸ்: கம்பெனி விலைக்கு மேல் கூடாது

பொதுப் பயன்பாட்டுச் சட்டம் 739.5ஆம் பிரிவு சொல்வது இது: கம்பெனியிடம் நேரடியாக வாங்கியிருந்தால் என்ன விலையோ, அதே விலைதான் பார்க்கும் வாங்கலாம். சப் மீட்டரைப் பராமரிக்கும் செலவு என்று நிர்வாகம் சொல்லலாம். அதற்காகத்தான் கம்பெனி மெயின் மீட்டர் பில்லில் பார்க்குக்குத் தள்ளுபடி கொடுக்கிறது. அதே செலவை உங்கள் தலையில் ‘மீட்டர் கட்டணம்’ என்று தனியாகப் போட்டால் அது இரட்டை வசூல்.

கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் பகுதிக்கான வீட்டுக் கட்டண அட்டவணையை எடுத்து, எந்தப் படிநிலைக்கு எத்தனை யூனிட், என்ன விலை என்று பில்லோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி பிசகுவது குறைந்த விலையில் கிடைக்க வேண்டிய அடிப்படை யூனிட் அளவுதான். அதைக் குறைத்துப் போட்டால் மீதி எல்லாம் மேல்படி விலைக்குப் போய்விடும். கம்பெனி பார்க்குக்குத் திருப்பித் தரும் பணத்திலும் உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்ற பங்கு உங்களுக்கு வர வேண்டும்.

வருமானம் குறைந்தவர்களுக்கான ‘கேர்’ தள்ளுபடி சப் மீட்டர் வீடுகளுக்கும் உண்டு. கேஸில் 20 சதவீதம், கரண்டில் அதைவிட அதிகம். ஆண்டுதோறும் பிப்ரவரி 1க்குள் இதைப் பற்றி நிர்வாகம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், தள்ளுபடி முழுவதையும் உங்களுக்குக் கொடுக்க வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். சிலிண்டர் கேஸை வெளியே வாங்க விடாத பார்க் என்றால் கணக்கு வேறு: நிர்வாகம் வாங்கிய விலையில் 110 சதவீதத்துக்கு மேல் விற்கக் கூடாது.

4. தண்ணீர்: இங்கேதான் கணக்கு தேவை

2022 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, சப் மீட்டர் வைத்துத் தண்ணீருக்குத் தனியாகப் பில் போட்டால் மூன்றே இனங்கள்தான் இருக்கலாம்: பயன்படுத்திய அளவுக்கான கட்டணம், நிலையான கட்டணத்தில் உங்கள் பங்கு, பில் போடும் செலவு.

முதலில் அலகைச் சரிபாருங்கள். தண்ணீர் வாரியத்தின் பில் பெரும்பாலும் நூறு கன அடிக் கணக்கில் வரும். சப் மீட்டர் கேலனில் காட்டலாம். நூறு கன அடி என்பது 748 கேலன். இதை மாற்றாமல் பெருக்கியதால்தான் திடீரென மலைபோல் பில் வருவது உண்டு.

எண்ணிக்கை எடுத்துக்காட்டுக்கு மட்டும்: 100 வீடுகள், மொத்தப் பயன்பாடு 1,200 அலகு (ஒரு அலகு நூறு கன அடி), அளவுக் கட்டணம் 4,800 டாலர், நிலையான கட்டணம் 900 டாலர். உங்கள் மீட்டர் காட்டுவது 6,732 கேலன்.

6,732 ÷ 748 = 9. மொத்தத்தில் 9/1,200, அதாவது 0.75 சதவீதம். அளவுக் கட்டணம் 36 டாலர். நிலையான கட்டணத்தை வீட்டு எண்ணிக்கையால் வகுத்தால் 9 டாலர் (பயன்பாட்டு விகிதத்தில் பிரிக்கவும் சட்டம் அனுமதிக்கிறது). பில் செலவு, 4.75 டாலர் அல்லது அளவுக் கட்டணத்தில் 25 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. 36-இன் கால் பங்கு 9 என்பதால் இங்கே 4.75. மொத்தம் 49.75 டாலர். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு 12 டாலருக்குத்தான் தண்ணீர் பயன்படுத்தினீர்கள் என்றால் பில் செலவு 3 டாலரைத் தாண்டக் கூடாது. 4.75 என்பது சட்டத்தில் எழுதிய தொகை. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவும் அதில் வழி உண்டு. சில சென்ட் கூடினால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.

5. எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள்

உங்கள் மெயின் பிரேக்கரை அணைத்த பிறகும் கரண்ட் மீட்டர் ஓடினால், இடையில் வேறெதுவோ இணைந்திருக்கிறது, தெருவிளக்காகவும் இருக்கலாம். பொது இடத்து விளக்கு உங்கள் மீட்டரில் ஓடுகிறது என்று தெரிந்தால் நிர்வாகம் அதைச் சொல்லி, எழுத்து ஒப்பந்தம் போட்டு ஈடு தர வேண்டும், இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தண்ணீரில் எல்லாக் குழாயையும் மூடியும் மீட்டரின் சின்ன முக்கோணம் சுற்றினால் கசிவு. முதலில் கழிப்பறைத் தொட்டியைப் பாருங்கள். மீட்டரே பழுது என்று தோன்றினால் கவுண்டியின் எடை, அளவைத் துறைக்கு எழுதுங்கள். சப் மீட்டர்களைச் சோதித்து முத்திரை வைப்பது அவர்கள் வேலை.

6. வாடகையில் இருந்ததைத் தனியாகப் பிரித்தால்

இதுவரை வாடகையோடு சேர்ந்திருந்த தண்ணீருக்கோ குப்பைக்கோ இனி தனிப் பில் என்று அறிவிப்பு வந்தால், உங்கள் இடத்துக்கு அந்தச் சேவைக்காக முந்தைய 12 மாதங்களில் பார்க் கட்டிய சராசரித் தொகையை வாடகையில் குறைக்க வேண்டும். 798.41ஆம் பிரிவு. இதைக் கேட்காமல் விடுபவர்கள் மாதாமாதம் இரண்டு முறை கட்டுகிறார்கள்.

7. புகார்

பில் தவறு என்று நிறுத்தி வைக்காதீர்கள். கடைசித் தேதி கழிந்து 5 நாள் ஆனால், 3 நாளுக்குள் கட்டச் சொல்லும் நோட்டீஸ் வரலாம். அதற்கும் கட்டாவிட்டால் இடத்தையே காலி செய்யச் சொல்லும் நடவடிக்கைக்கு அது போகும். கட்டும்போதே ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதி, உங்கள் கணக்கையும் போட்டோவையும் இணைத்து நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

பதில் வராவிட்டால், கரண்ட், கேஸ் விலை பற்றி மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கு எழுதலாம். ஆனால் சேக்ரமெண்டோ, லாஸ் ஏஞ்சலஸ் போல அரசுத் துறையே கரண்ட் தரும் ஊர்களின் கட்டணம் அந்த ஆணையத்தின் கையில் இல்லை. வாடகைக் குறைப்பு, ரீடிங் இல்லாத பில் போன்றவற்றுக்கு மாநில வீட்டுவசதித் துறையின் மொபைல் ஹோம் குடியிருப்போர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. நிர்வாகம் வேண்டுமென்றே மீறியது என்று நிரூபித்தால், ஒவ்வொரு மீறலுக்கும் 2,000 டாலர் வரை நீதிபதி கூடுதலாக வழங்கலாம்.