குவாங்சோ பதின்பருவத்தினரின் மொழி மனப்பான்மையை அறிவது எப்படி?

சீனப் பொதுமொழியான மாண்டரின், உள்ளூர் மொழியான கான்டோனீஸ், ஆங்கிலம் ஆகியவற்றில் எது பிடிக்கும் என்று தென்சீன நகரமான குவாங்சோவின் மாணவர்களிடம் நேரடியாகக் கேட்பதில் பயன் குறைவு. 2001 முதல் நடைமுறையிலுள்ள தேசியப் பொதுமொழிச் சட்டம் மாண்டரினையே பள்ளிகளின் அடிப்படைப் பயிற்றுமொழியாக வைத்திருப்பதால், ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையையே அவர்கள் தரக்கூடும்.

1960இல் கனடாவின் மான்ட்ரியலில் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் கையாண்ட முறை இதற்குப் பொருத்தமானது. மூன்று மொழிகளையும் சரளமாகப் பேசும் ஒருவரையே, வழி சொல்வது போன்ற சார்பற்ற ஒரு பத்தியை மும்மொழியிலும் வாசிக்கச் செய்து பதிவுசெய்யுங்கள். குரல் ஒருவருடையதே என்று மாணவர்களுக்குத் தெரியாதபடி இடையிடையே பிறர் குரல்களைக் கலந்து ஒலிக்கவிட்டு, பேசுபவர் எவ்வளவு படித்தவர், எவ்வளவு நம்பத்தக்கவர், நண்பராகக் கொள்ளத் தக்கவரா என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் இடச் சொல்லுங்கள். உச்சரிப்பில் சிறு தடுமாற்றம் இருந்தாலும் மதிப்பெண் மொழிக்கன்றி ஆளுக்குப் போய்விடும் என்பதால், பதிவை அந்தந்த மொழியினரிடம் முன்னரே கேட்கக் கொடுப்பது அவசியம்.

படிப்பு போன்றவை காட்டும் அந்தஸ்தையும், நட்பு போன்றவை காட்டும் நெருக்கத்தையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டாம். ஒரு மொழியை மதிப்பதும் அதனோடு ஒட்டுவதும் வேறு வேறு. பெற்றோரின் பூர்விகத்தையும் கேட்டறியுங்கள். வெளிமாகாணக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கான்டோனீஸ் வீட்டுமொழியாக இருக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் மாண்டரினை மிகுவிக்கும் யோசனைக்கு எதிராக 2010இல் அந்நகரில் மக்கள் திரண்டதை நினைவில் கொண்டு, அரசியல் வாடை வீசும் வினாக்களைத் தவிர்க்கலாம்.

பெற்றோரின் ஒப்புதலை முன்னரே பெறுங்கள். முடிந்தபின் குரல் ஒருவருடையதே என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.