இரண்டு கேபிள் போட்டும் வேகம் ஏன் கூடவில்லை? லிங்க் அக்ரிகேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே ஒரு கிகாபிட் கேபிள்கள் இரண்டைப் போட்டு, எல்ஏசிபி (இரு முனைகளும் பேசிக்கொண்டு கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் நெறிமுறை) மூலம் ஒன்றாகக் கட்டியாயிற்று. கோப்பு சர்வருக்கும் பேக்கப் சர்வருக்கும் அப்படியே இரண்டிரண்டு கேபிள்கள். சுவிட்சின் திரை '2 கிகாபிட்' என்று காட்டுகிறது. ஆனால் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தால் வேகம் நொடிக்கு 112, 115 மெகாபைட்டைத் தாண்ட மறுக்கிறது. உடனே கேபிளை மாற்றுகிறார்கள், சுவிட்சை மாற்றச் சொல்கிறார்கள், சர்வர் விற்றவரைக் கூப்பிடுகிறார்கள். இதில் எதுவும் பலன் தராது, ஏனென்றால் எதுவும் பழுதாகவில்லை.

பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் இந்த லிங்க் அக்ரிகேஷனுக்கு 2000ஆம் ஆண்டில் 802.3ஏடி என்ற தரநிர்ணயம் வந்தது. 2008இல் அது 802.1ஏஎக்ஸ் என்ற பெயருக்கு மாறியது. இரு கணினிகளுக்கு இடையேயான ஓர் உரையாடலைச் சேர்ந்த பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) அனுப்பிய வரிசையிலேயே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அவற்றை இரு கேபிள்களில் பிரித்து அனுப்பினால் வரிசை குலையும். எனவே சுவிட்ச் முகவரிகளை வைத்து ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் ஒரு ஹாஷ் கணக்குப் போட்டு, அந்த உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில் விடுகிறது. கோப்பு நகல் பயன்படுத்தும் டிசிபி இணைப்பு ஒன்று இப்படி ஒருபோதும் ஒரு கேபிளின் வேகத்தைத் தாண்டாது. ஒரு கிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி முதலிய தலைப்புத் தகவல்களுக்கான இடத்தைக் கழித்தால் கோப்புக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 117. ஆகவே 115 என்ற எண்ணைப் பார்த்தால், ஒரு கேபிள் நிரம்பி ஓடுகிறது என்று பொருள். ஒற்றைக் கோப்பை நகலெடுத்து லிங்க் அக்ரிகேஷனைச் சோதிப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு.

அடுத்தது இன்னும் ஆழமானது. ஒரு முனையில் அமைப்பைச் சரிசெய்துவிட்டால் பாதை முழுவதும் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். எந்தக் கேபிளில் போவது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அனுப்புகிற பக்கம்தான் முடிவு செய்கிறது. மேலே சொன்ன அமைப்பில் கோப்பு சர்வர் முதல் சுவிட்சுக்கு அனுப்பும்போது சர்வர் முடிவு செய்கிறது. முதல் சுவிட்சிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது முதல் சுவிட்ச். இரண்டாவதிலிருந்து பேக்கப் சர்வருக்குப் போகும்போது இரண்டாம் சுவிட்ச். சர்வரில் எவ்வளவு கவனமாக அமைத்தாலும் மற்ற இரு முடிவுகளை அது மாற்ற முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு நகல்கள் ஓடுகின்றன, மூன்று கணக்குகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டங்களிலும் இரு நகல்களும் வெவ்வேறு கேபிளில் போக எட்டில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஏதாவது ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே கேபிளில் விழுந்தால் போதும், மொத்த வேகம் மறுபடி ஒரு கிகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

ஹாஷுக்கு எதை உள்ளீடாகக் கொடுக்கிறோம் என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. லினக்ஸில் கேபிள்களைக் கட்டும் பாண்டிங் வசதியில் இயல்பாக இருப்பது லேயர் 2, அதாவது மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி). எதிர்முனை ரவுட்டருக்கு அப்பால் இருந்தால் வெளியே போகும் எல்லா பாக்கெட்டுகளிலும் ஒரே ரவுட்டரின் மேக் முகவரிதான் இருக்கும். ஆயிரம் பயனர்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே கேபிள். ஐபி முகவரிக்கு மாற்றினாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. இரு முகவரிகளின் பிட்டுகளை ஒப்பிடும் எளிய எக்ஸ்ஓஆர் கணக்குப் போடும் சுவிட்சில், கேபிள் இரண்டே என்றால், கடைசி பிட் மட்டுமே தீர்மானிக்கும். இரு முகவரிகளும் இரட்டைப்படை என்றால் முதல் கேபிள். ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை என்றால் இரண்டாம் கேபிள். நிர்வாகிகளோ சர்வர்களுக்கு 10, 20, 30, 40 என்று முகவரி தருவதில் பிரியமுள்ளவர்கள். அத்தனையும் இரட்டைப்படை. இரண்டாம் கேபிள் சும்மா கிடக்கும். ஒரு சர்வரை 31க்கு மாற்றியதும் போக்குவரத்து பிரிவதைப் பார்க்கலாம்.

டிசிபி போர்ட் எண்ணையும் (சுவிட்சின் துளை அல்ல, இணைப்புகளைப் பிரித்தறிய மென்பொருள் பயன்படுத்தும் எண்) சேர்த்துக்கொள்ளும் லேயர் 3+4 முறை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் அது இல்லை. வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சோதிக்கும்போது வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியில் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். கூடவே சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டிலும் போய்வரும் பைட்டுகளின் எண்ணிக்கையைத் தனித்தனியாகப் பாருங்கள், இரு திசைகளிலும். போகும் திசையில் சமமாகப் பிரிந்து, வரும் திசையில் ஒரே கேபிளில் குவிவது அடிக்கடி நடக்கிறது.

பொறுமை இழந்தவர்கள் லினக்ஸின் ரவுண்ட் ராபின் முறைக்குத் தாவுவார்கள். பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி இரு கேபிள்களிலும் அனுப்பும் முறை அது. சர்வரிலிருந்து வெளியேறும்போது பிரியும். சுவிட்ச் தன் ஹாஷ்படி மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடும். வரிசை குலைந்தால் டிசிபி தேவையில்லாமல் மறுபடி அனுப்பத் தொடங்கும். இடையில் சுவிட்சுகள் உள்ள அமைப்புக்கு இது வேண்டாம்.

எல்ஏசிபி இல்லாமல் 'எப்போதும் இணைப்பு' என்று கைமுறையாகக் கட்டுவது இன்னொரு ஆபத்து. நடுவில் மீடியா கன்வர்ட்டர் (செம்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) இருந்து, அதற்கு அப்பால் ஃபைபர் அறுந்தால், இந்தப் பக்கம் போர்ட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். அந்தக் கேபிளுக்கு ஒதுக்கப்பட்ட உரையாடல்கள் மட்டும் சாகும். சிலருக்கு சர்வர் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. காரணம் தேடி அலைவீர்கள். எல்ஏசிபி வேக முறையில் மூன்று நொடியிலும், மெது முறையில் 90 நொடியிலும் அதைக் கண்டுபிடித்துவிடும். ஒரு பக்கமாவது 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும்; இரண்டும் 'பாசிவ்' என்றால் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள்.

ஒரே நகலுக்கு வேகம் வேண்டுமென்றால், நகலெடுக்கும் மென்பொருளே பல இணைப்புகளைத் திறக்க வேண்டும். விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பிக்கு, விண்டோஸ் சர்வர் 2012இல் வந்த மல்டிசேனல் அதைச் செய்கிறது. லினக்ஸ் 5.3 முதல் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையிலும் அந்த வசதி உண்டு. ஆனால் அங்கே ஐபி முகவரிகள் மாறாது, போர்ட் எண் மட்டுமே மாறும் என்பதால் மூன்று கட்டங்களிலும் லேயர் 4 ஹாஷ் தேவை. நெட்வொர்க் வழியே வட்டை இணைக்கும் ஐஸ்கஸிக்கு மல்டிபாத்தான் (ஒரே வட்டுக்குப் பல தனிப் பாதைகள்) சரி. அந்த போர்ட்களைக் கட்டாமல் தனித்தனி ஐபியோடு விட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு சுவிட்சின் ஓரத்தைப் பாருங்கள். பல 24 போர்ட் சுவிட்சுகளில் 10 கிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் துளைகள் காலியாகவே கிடக்கின்றன. இரு சுவிட்சுகளிலும் அவை இருந்தால், அந்தத் துளைகளில் நேரடியாகச் செருகும் ஒரு குட்டையான டிஏசி கேபிள் நடுக்கட்டத்தின் நெரிசலை அப்படியே நீக்கிவிடும். இன்னொன்றையும் சேர்த்து எல்ஏசிபியில் கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றதில் வேலை ஓடும். அப்போதும் வழக்கமான மொத்தச் சுமை ஒரு கேபிளுக்குள் அடங்குமா என்று கணக்கிட்டு வையுங்கள்.