மன்ஹாட்டன்ல ரெனவேட் பண்ணின பழைய ஒன் பெட்ரூம் வாடகைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

அப்பர் வெஸ்ட் சைடு, அப்பர் ஈஸ்ட் சைடு பக்கம் வீடு தேடினா "ரெனவேட் பண்ணின ப்ரீவார் ஒன் பெட்ரூம்"னு விளம்பரம் நிறைய வரும். ப்ரீவார்னா ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி கட்டின பில்டிங். 1904ல பிராட்வே வழியா சப்வே ஓட ஆரம்பிச்சதும் வெஸ்ட் சைடுல மளமளன்னு அபார்ட்மென்ட் எழும்பிச்சு, இன்னைக்கு நாம போய் பாக்குற வீடுங்கள்ல நிறைய அந்தக் காலத்தை ஒட்டினது தான். சுவர் கனம், பக்கத்து வீட்டு டிவி சத்தம் அவ்வளவா வராது, சீலிங் உசரம், கதவைத் திறந்ததும் ஃபாயர்னு சொல்ற ஒரு சின்ன முன்கூடம், தரையில ஓக் மரம். புது கண்ணாடி டவரை விட எனக்கு இந்த வீடுங்க தான் ரொம்ப பிடிக்கும், மனசார சொல்றேன். ஆனா ரெனவேஷன்னு சொல்றது பெரும்பாலும் கிச்சன், பாத்ரூம், தரை, பெயின்டோட நின்னுடும், சுவருக்குள்ள ஓடுற பைப்பு, வயரு, ஹீட் எல்லாம் பழசாவே இருக்கும். அதனால புது கவுன்டர்டாப்பை ஒரு தடவை பாத்தா போதும், மிச்ச நேரத்தை ரெனவேஷன் தொடாத இடத்துல செலவு பண்ணுங்க.

மொதல்ல ஹீட். இந்த பில்டிங்கள்ல பேஸ்மென்ட்ல பாய்லர், அங்கிருந்து ஸ்டீம் பைப்புல ஏறி ரேடியேட்டருக்கு வரும், உங்க வீட்டுல தெர்மோஸ்டாட் இருக்காது. ரேடியேட்டருக்கு ஒரே ஒரு பைப்பு வந்தா அதோட வால்வை முழுசா திறந்து வைக்கணும் இல்ல முழுசா மூடணும், பாதி திறந்து வெச்சா குளிர்ந்த தண்ணி திரும்பிப் போக முடியாம உள்ள மாட்டிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு சுத்தியால அடிக்கிற மாதிரி டங் டங்னு சத்தம் வரும், ஒழுகவும் செய்யும். அதனால வீடு பாக்கும்போது குனிஞ்சு ரேடியேட்டர் அடியில தரை கறுத்திருக்கா, மரம் ஊறி உப்பியிருக்கான்னு பாருங்க. சைடுல வெள்ளி நிறத்துல ஒரு சின்ன குப்பி மாதிரி இருக்கும், அது காத்து போற வென்ட், லேசா உஸ்ஸுன்னா பரவால்ல, தண்ணி துப்பினா மாத்தணும், அது சூப்பர், அதாவது பில்டிங்கை பராமரிக்கிற ஆள், பண்ணிக் கொடுக்க வேண்டிய வேலை. ரெனவேஷன்ல அழகுக்காக ரேடியேட்டரை மரப்பெட்டி போட்டு மூடியிருந்தா வால்வுக்கு கை போகுதான்னு கேட்டே ஆகணும்.

அக்டோபர் 1ல இருந்து மே 31 வரைக்கும் ஓனர் ஹீட் கொடுக்கணும்னு நியூயார்க் சிட்டில சட்டம் இருக்கு, காலை 6லேர்ந்து ராத்திரி 10 வரை வெளிய 55 ஃபாரன்ஹீட்டுக்கு கீழ போனா உள்ள 68 இருக்கணும், ராத்திரில வெளிய என்னவா இருந்தாலும் உள்ள 62. இல்லேன்னா சிட்டியோட புகார் நம்பர் 311க்கு போன் பண்ணலாம். ஆனா இந்த வீடுங்கள்ல குளிரை விட அதிக சூடு தான் தொந்தரவு, ஜனவரில ஜன்னலை திறந்து வெச்சு தூங்குறவங்க ஏராளம். அதனால ஒவ்வொரு ஜன்னலையும் தூக்கிப் பாருங்க, பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு ஒட்டிப் போயிருக்கிறது ரொம்ப சகஜம்.

அடுத்து நம்ம ஆளுங்களுக்கு உயிர்நாடியான விஷயம், கிச்சன். அடுப்புக்கு மேல பளபளன்னு ஒரு ஹூட் இருக்கும், அது காத்தை வெளிய தள்ளுதா இல்ல ஃபில்டர் வழியா சுத்தி திரும்ப நம்ம மூஞ்சிலயே விடுதான்னு பாருங்க, பழைய பில்டிங்கள்ல வெளிய போற டக்ட் பெரும்பாலும் கிடையாது. அதோட ரெனவேஷன்னு சொல்லி கிச்சன் சுவரை இடிச்சு ஹாலோட சேத்திருந்தா கடுகு மிளகாய் தாளிச்ச நெடி நேரா பெட்ரூம் கிளாசெட் வரைக்கும் போகும், ஆபீஸ் கோட்டுல கூட இருக்கும், ஸ்மோக் டிடெக்டரும் கத்தும். கிச்சன்ல ஜன்னல் இருக்குற வீடு கிடைச்சா, அது இருட்டு ஏர் ஷாஃப்ட் (காத்துக்காக பில்டிங் நடுவுல விட்ட குறுகலான சந்து) பக்கம் திறந்தா கூட, தினமும் சமைக்கிறவங்க அதுக்கு முன்னுரிமை கொடுங்கன்னு அடிச்சு சொல்வேன். அடுப்புல எல்லா பர்னரையும் பத்த வெச்சுப் பாருங்க. சிங்க் கதவைத் திறந்து பைப்பு சுவருக்குள்ள போற இடத்துல ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, எலியும் கரப்பானும் வர்ற வழி அது தான், ஸ்டீல் வுல் வெச்சு அடைக்க சொல்லலாம்.

கரன்ட் பேனலையும் திறக்கச் சொல்லுங்க. நாலே நாலு பிரேக்கர் இருக்குற வீட்டுல ஜன்னல் ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினா டிரிப் ஆகும். ஷவரை திறந்துவிட்டு டாய்லெட்டை ஃபிளஷ் பண்ணுங்க, தண்ணி வேகம் குறையுதா, திடீர்னு சூடாகுதான்னு தெரியும். வாஷிங் மெஷினை பல பில்டிங்ல வீட்டுக்குள்ள வைக்க விட மாட்டாங்க, பழைய டிரெயின் பைப்பு தாங்காதுன்னு தான், பேஸ்மென்ட் லான்ட்ரிய ஒரு எட்டு போய் பாத்துடுங்க.

பெட்ரூம்ல வெளிப்பக்கம் பாத்த ஜன்னல் இருக்கணும். டைனிங் மூலைய தடுத்து ரூம்னு காட்டினா அது பெட்ரூம் கணக்குல வராது. வெளிச்சம் தெரியணும்னா பகல்ல போங்க, பில்டிங் உள்முற்றம் பக்கம் இருக்குற கீழ் மாடி வீடுங்க மத்தியானமே லைட் போட வேண்டியதா இருக்கும்.

குழந்தை இருக்குறவங்க இதை நிதானமா படிங்க. இந்த சிட்டில வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்டை 1960ல தடை பண்ணாங்க, அப்போ அதுக்கு முன்னாடி கட்டின வீட்டுல புது பெயின்டுக்கு அடியில பழைய ஈய பெயின்ட் இருக்கலாம். ஜன்னல் சட்டமும் கதவும் உரசுற இடத்துல அது தூளாகும், அது தான் ஆபத்து. ஆறு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா ஓனர் வருஷா வருஷம் செக் பண்ணி சரி பண்ணணும், பத்து வயசு வரைக்கும் குழந்தை இருந்தா குழந்தை கீழ விழாம இருக்க ஜன்னல்ல தடுப்புக் கம்பி (விண்டோ கார்டு) போட்டுக் கொடுக்கணும். ரெண்டுமே சட்டம், கேக்கத் தயங்காதீங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா. வருஷ சம்பளம் மாச வாடகைய மாதிரி 40 மடங்கு இருக்கணும்னு கேப்பாங்க, மாசம் 4,500 டாலர்னா 1,80,000. அட்வான்ஸ் ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, அப்ளிகேஷன் ஃபீஸ் 20 டாலருக்கு மேல கூடாது. 2025 ஜூன்ல இருந்து புரோக்கரை யார் வெச்சாங்களோ அவங்க தான் ஃபீஸ் கொடுக்கணும். அங்க முன்னாடி மூட்டைப்பூச்சி வந்துச்சாங்கிற விவரத்தை ஓனர் லீஸோட எழுதிக் கொடுக்கணும். சிட்டியோட ஹவுசிங் டிபார்ட்மென்ட் சைட்டுல அட்ரஸ் போட்டா அந்த பில்டிங் மேல இருக்குற வயலேஷன் (விதிமீறல்) எல்லாம் வரும், ஹீட் புகார் வரிசையா இருந்தா வேற வீடு பாருங்க.

இன்னொன்னு பல பேருக்குத் தெரியாது. ஆறு வீடு அல்லது அதுக்கு மேல உள்ள, 1974க்கு முன்னாடி கட்டின வாடகை பில்டிங்கள்ல நிறைய வீடு ரென்ட் ஸ்டெபிலைஸ்டு, வருஷத்துக்கு இவ்வளவு தான் ஏத்தலாம்னு ஒரு போர்டு முடிவு பண்ணும். 2019 வரைக்கும் ரெனவேஷன் செலவைக் காட்டி வாடகைய ஒரு அளவுக்கு மேல ஏத்திட்டா, ஆள் காலி பண்ணினதும் அந்தப் பாதுகாப்புல இருந்து வீட்டை வெளிய எடுக்க வழி இருந்துச்சு, 2019 சட்டம் அந்த வழிய மூடிடுச்சு. அதனால குடி போனதும் ஸ்டேட் ஹவுசிங் ஆபீஸ்ல உங்க வீட்டோட ரென்ட் ஹிஸ்டரி கேளுங்க, இலவசம் தான். தப்பா வெளிய எடுத்திருந்தா வாடகை குறையவும் வாய்ப்பு இருக்கு.

ஆறு மாடிக்கு மேல இருக்குற பில்டிங்கோட வெளிச்சுவரை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை செக் பண்ணணும், அதுக்குப் போடுற சாரம் வருஷக்கணக்குல ஜன்னலை மறைச்சு நிக்கும். சீக்கிரம் போடப் போறாங்களான்னு கையெழுத்துக்கு முன்னாடி சூப்பர்கிட்ட கேளுங்க. வாயால சொன்ன ரிப்பேர் எல்லாத்தையும் லீஸ்ல எழுத வைங்க, சாவி வாங்கின அன்னைக்கே ரேடியேட்டர் அடி, சிங்க் அடி, ஜன்னல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு மெயில் போட்டுடுங்க, காலி பண்ணும்போது 14 நாளுக்குள்ள கணக்கோட அட்வான்ஸ் திருப்பி வர அது தான் கைகொடுக்கும்.