கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: பத்தி புரிந்த பிறகும் மதிப்பெண் போகிற இடங்கள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஜீவன்பீமாநகர் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து நாகரபாவி சட்டப் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்து, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மாக் (மாதிரித் தேர்வு) தாள்களைத் திருத்தினால், வருடா வருடம் அதே சில இடங்களில்தான் சிவப்பு மை விழுகிறது. ஓஎம்ஆர் தாளில் வட்டம் மாற்றிக் கறுப்பாக்குவது, கேள்வியில் இருக்கும் ‘நாட்’ கண்ணில் படாமல் போவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை இரண்டு மாக் எழுதினால் தானே சரியாகிவிடும்.

கிளாட் இளநிலைத் தேர்வில் 120 நிமிடத்தில் 120 கேள்வி. பத்தியில் உள்ள வாதத்தை எடைபோடச் சொல்லும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில் 22 முதல் 26 வரை வரும். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிவு. ஆக, சரியாகப் போட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைத் தவறாகப் போட்டால் 1.25 போய்விடும்.

வலுவான ஆப்ஷனைத் தேவையான ஆப்ஷன் என்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற தவறு இது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் மாட்டுவதைப் பார்க்கும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பயிற்சிக்காக எழுதிய ஒரு சின்ன வாதம்: ‘பர்ப்பிள் லைன் மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை ஓடத் தொடங்கியபின் அங்கே வேலை பார்க்கும் பலர் சாலைப் பயணத்தை விட்டு மெட்ரோவுக்கு மாறினார்கள். ஆகவே ஒயிட்ஃபீல்டு சாலைகளில் காலை நெரிசல் குறையும்.’ இந்த வாதம் எந்த அசம்ப்ஷன் (வாதம் வெளியே சொல்லாமல் உண்மை என்று எடுத்துக்கொள்வது) மேல் நிற்கிறது என்பது கேள்வி.

அ) மாறியவர்கள் எல்லோரும் இதற்கு முன் ஆளுக்கொரு காரில் வந்தவர்கள்.
ஆ) மாறியவர்களால் காலியான இடத்தை அதே அளவு புது வண்டிகள் வந்து நிரப்பிவிடாது.
இ) காரில் போவதைவிட மெட்ரோவில் போவது செலவு குறைவு.
ஈ) ஒயிட்ஃபீல்டு நெரிசலைக் குறைக்க மெட்ரோ ஒன்றுதான் வழி.

பாதிப் பேர் ‘அ’ போடுகிறார்கள். காரணம் கேட்டால், ‘அது உண்மையா இருந்தா வாதம் ரொம்ப ஸ்ட்ராங் ஆயிடுதே’ என்பார்கள். ஆகத்தான் செய்கிறது. ஆனால் வாதத்துக்கு எது உதவும் என்று யாரும் கேட்கவில்லை. எது இல்லாவிட்டால் வாதம் விழும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இதைச் சோதிக்க ஒரே வழி, ஆப்ஷனை மறுத்துப் பார்ப்பது. ‘ஆ’வை மறுங்கள்: அதே அளவு புது வண்டிகள் வந்துவிடும். அப்படியானால் நெரிசல் குறையும் என்ற முடிவுக்குப் பிடிமானம் இல்லை, வாதம் விழுந்துவிட்டது. விடை ‘ஆ’. ‘ஈ’யை மறுத்தால், நெரிசலைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு என்று வரும். இருக்கட்டுமே, மெட்ரோவாலும் குறையலாம். ‘இ’ மக்கள் ஏன் மாறினார்கள் என்பதைப் பற்றியது. மாறிவிட்டார்கள் என்று பத்தியே சொன்ன பிறகு அது எதற்கு?

மறுத்துப் பார்க்கும் முறை தெரிந்தவர்களும் ‘அ’வில் விழுவது ஏன்? மறுப்பதிலேயே பிசகு. ‘எல்லோரும் காரில் வந்தவர்கள்’ என்பதை மறுக்கச் சொன்னால் ‘ஒருவர்கூடக் காரில் வரவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் வாதம் ஆட்டம் காண்பது போலத் தெரியும், உடனே ‘அ’வை டிக் அடித்துவிடுவார்கள். அது மறுப்பு இல்லை, எதிர்க்கோடிக்குத் தாவுவது. ‘எல்லோரும் இல்லை’ என்பதோடு நிறுத்த வேண்டும். சிலர் பஸ்ஸில் வந்தார்கள், சிலர் இருவர் மூவராகக் காரில் வந்தார்கள். வாதம் அப்படியே நிற்கிறது, ஆகவே ‘அ’ அதற்குத் தேவையில்லை.

மறுக்கும்போது இவ்வளவுதான் நினைவில் இருக்க வேண்டும்: ‘எல்லாம்’ என்றால் ‘ஒன்றாவது அப்படி இல்லை’. ‘சில’ என்றால் ‘ஒன்றுகூட இல்லை’. ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்றால் ‘இது நடந்தும் அது நடக்காமல் போகலாம்’.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பத்திக்கு அடுத்தடுத்துப் பல கேள்விகள் வரும். அடுத்த கேள்வி ‘எது உண்மையானால் வாதம் வலுப்படும்’ என்று இருந்தால், இப்போது ஒதுக்கிய ‘அ’ போன்ற ஆப்ஷன்தான் அங்கே விடையாக இருக்கலாம். அங்கே ‘எல்லோரும்’, ‘ஒருபோதும்’ போன்ற பலத்த சொற்கள் நமக்கு வேண்டியவை. அசம்ப்ஷன் கேள்வியில் சந்தேகிக்க வேண்டியவை. பத்தியை எத்தனை முறை படித்தாலும் இது பிடிபடாது. கேள்வி வரியில் எந்த வினைச்சொல் இருக்கிறதோ அதன்கீழ் கோடு போட்டுவிட்டுத்தான் ஆப்ஷனுக்குப் போக வேண்டும்.

தேவையானதைப் போதுமானதாக எடுத்துக்கொள்வது

மேலே சொன்னதன் உடன்பிறப்பு. பொதுப்பிரிவு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் 45 சதவீதம் எடுத்தால்தான் கிளாட் வழியாகச் சேர முடியும். அதனால் 45 எடுத்தவருக்கெல்லாம் சீட் என்று யாரும் நினைப்பதில்லை. சேர்ந்த மாணவரைப் பார்த்து 45 இருந்திருக்கும் என்று சொல்லலாம். திருப்பிச் சொல்ல முடியாது. வீட்டில் தெளிவாகத் தெரிகிற இது, பத்தியில் தொழிற்சாலை உரிமம், ஏற்றுமதி வரி என்று வந்தவுடன் தலைகீழாகிவிடுகிறது. ‘ஒன்லி இஃப்’ (இருந்தால் மட்டுமே), ‘அன்லெஸ்’ (இல்லாவிட்டால்) வருகிற வாக்கியத்தை ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதிப் பாருங்கள்.

வீட்டுக் கருத்தைப் பத்திக்குள் கொண்டுவருவது

காவிரி பற்றிய பத்தி பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய சோதனை. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்ததும், கர்நாடகத்துக்குக் கூட்டிக் கொடுத்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு என்பதும் பலருக்கு மனப்பாடம். அப்பா ஒன்று சொல்வார், பள்ளித் தோழி வேறொன்று சொல்வாள். பத்தியை எழுதியவர் மூன்றாவதாக ஒன்று சொல்லியிருப்பார். ‘ஆசிரியர் எதை ஏற்பார்’ என்ற கேள்விக்கு நமக்குப் பிடித்த ஆப்ஷனைப் போட்டுவிட்டு, விடைக்குறிப்போடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வரியைக் கொண்டு இந்த ஆப்ஷனைப் போட்டோம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்த ஆப்ஷன் வேண்டாம்.

விடைக்குறிப்பைப் படித்துத் தலையாட்டுவது

விளக்கத்தைப் படித்தால் எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். அதைத் திறக்கும் முன் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: முடிவு எது, ஆதாரம் எது, இரண்டுக்கும் நடுவே என்ன இடைவெளி, நான் போட்ட தவறான ஆப்ஷன் எதைச் சொல்லி என்னை இழுத்தது. நான்காவது வரிதான் முக்கியம். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் அதே இழுப்பு எத்தனை முறை வந்திருக்கிறது என்று தெரியும். ஊகத்தில் சரியாகிவிட்ட கேள்விகளையும் இதில் சேருங்கள்.

கழிவுக்குப் பயந்து கேள்வியைக் காலியாக விடுவது

நான்கு ஆப்ஷனில் இரண்டை ஒதுக்கிவிட்டால் மீதியில் ஒன்றைப் போட்டுவிடுங்கள். சரியாக இருக்கப் பாதி வாய்ப்பு: 1-ல் பாதி 0.5, கழிவு 0.25-ல் பாதி 0.125, ஆகச் சராசரியில் 0.375 லாபம்.

எல்சாட் எழுதுகிறவர்களுக்கு

எல்சாட் அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு. அங்கே கழிவே கிடையாது, ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் வாங்கினால் லாஜிக் கேம்ஸ் பகுதியைத் தாண்டிவிடுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து அது தேர்வில் இல்லை. மதிப்பெண் கணக்கில் வரும் மூன்று பகுதிகளில் இரண்டு இப்போது லாஜிக்கல் ரீசனிங்தான். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம்.