கரிமச் சூரிய மின்கலத்தின் கலவைப் படலத்தைப் படியவைக்கும் முறை

கரிமப் பொருளில் ஒளி பட்டவுடன் எலக்ட்ரானும், அது விட்டுச்செல்லும் நேர்மின் வெற்றிடமான துளையும் தனித்தனியே பிரிந்துவிடுவதில்லை. எக்ஸைட்டான் என்ற பிணைந்த இணையாகவே அவை நகர்கின்றன. பொதுவாகச் சுமார் 10 நானோமீட்டருக்குள், எலக்ட்ரானைத் தரும் பொருளான வழங்கியும் அதைப் பெறும் பொருளான ஏற்பியும் சந்திக்கும் எல்லையை எட்டாவிட்டால், பெற்ற ஆற்றல் வீணாகிவிடும். 1986இல் சிங் டாங் வெளியிட்ட ஈரடுக்குக் கலத்தின் திறன் 1 சதவீத அளவில் நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம். வழங்கி, ஏற்பி இரண்டையும் ஒரே படலத்தில் கலக்கும் முறை 1990களில் வந்தது. 2019இல் அறிமுகமான ஒய்6 என்னும் ஏற்பி, வழங்கியான பிஎம்6 பாலிமருடன் சேர்ந்து திறனை 15 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. ஆகவே நல்ல கலம் வேண்டுவோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் கலவைப் படலத்தையே.

ஐடிஓ என்னும் ஒளிபுகும் மின்கடத்திப் படலம் பூசிய கண்ணாடியைச் சோப்புநீர், தூயநீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் ஆகியவற்றில் வரிசையாக மீயொலிக் குளியலில் கழுவி, புறஊதா ஓசோனில் வைத்து எடுக்கவும். அதன்மேல் பெடாட் என்னும் மின்கடத்தும் பாலிமர் படலத்தைப் பூசி, 150 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, காற்றுப் புகாத நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் கொண்டுசெல்லவும்.

பிஎம்6, ஒய்6 இரண்டையும் 1:1.2 எடை விகிதத்தில் குளோரோஃபார்மில் கரைத்து, 0.5 சதவீதக் கன அளவில் குளோரோநாப்தலீன் சேர்க்க வேண்டும். இந்தத் துளியைச் சிறிதென்று எண்ணி அலட்சியம் செய்யக் கூடாது. குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கும். குளோரோநாப்தலீனுக்கோ ஏறத்தாழ 260 டிகிரி தேவை. கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும்போதே முன்னது பறந்துவிட, பின்னது சற்று நேரம் தங்கி, ஒய்6 மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசம் தருகிறது. அளவு மிகுந்தால் ஏற்பி பெருந்திட்டுகளாகத் திரண்டு, எக்ஸைட்டான் எல்லையை எட்டாமலே அழிந்துபோகும்.

கரைசலைச் சுழற்பூச்சாக இட்டதும் படலத்தைச் சாய்த்து ஒளியில் பாருங்கள். நிறம் எங்கும் ஒரேபோல் இருக்க வேண்டும்; வால்மீன் போன்ற கோடு தெரிந்தால், அதன் தலைப்பகுதியில் தூசியோ கரையாத துணுக்கோ இருக்கும். அத்தகைய கண்ணாடியை ஒதுக்கிவிடுவதே நேர்மையான வழி. படலம் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் அமைந்தபின், 110 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கவும்.

பிறகு படலத்துக்கும் மின்முனைக்கும் நடுவே மெல்லிய இடையடுக்கும், வெற்றிடத்தில் ஆவியாக்கிய வெள்ளி மின்முனையும் இட்டால் கலம் தயார். அளக்கும்போது பரப்பளவு துல்லியமாகத் தெரிந்த துளைத்தகட்டை வைத்தே சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியைச் செலுத்த வேண்டும். தகடின்றி அளந்தால் ஓரத்தில் உருவாகும் மின்னோட்டமும் சேர்ந்து, கலத்துக்கு இல்லாத திறனைக் காட்டிவிடும்.